ஆறுமணிக்குருவி வந்த வழி



இன்றைய பேச்சு வடக்கைப் பற்றியது. தலைமன்னாரிலிருந்து மதவாச்சி வரை நீளும் மணலும் களப்பும் குளமும் காடும், அந்த வழியே நடப்பதும், நடக்கும்போது பறவை பார்ப்பதும்தான் பொருள். கேகாலையில் நின்றுகொண்டு மன்னாரைப் பற்றிப் பேசுவானேன் என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். இங்குள்ள எட்டியாந்தோட்டை மலைகளில் ஒரு வருடம் பெய்யும் மழையில் மூன்றில் ஒரு பங்குகூட மன்னாருக்குக் கிடைப்பதில்லை. இங்கே இறப்பர், தேயிலை, கித்துள். அங்கே பனை, உடைமுள், உப்பு வெளி. இரண்டு ஊருக்கும் என்ன உறவு?

உறவு இருக்கிறது. அந்த உறவுக்கு இறக்கையும் உண்டு, காலும் உண்டு.

முதலில் இறக்கை. ஐப்பசி மாதத்து இரவுகளில் லயத்து வாசல் விளக்கைத் தேடி ஒரு சின்னப் பறவை வந்து சுவரில் மோதி விழுவதைப் பார்த்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பார்கள். முதுகு பச்சை, தோளில் நீலம், கண் வழியே ஒரு கறுப்புப் பட்டை, வயிறு மங்கல் மஞ்சள், வாலடியில் குங்குமச் சிவப்பு. வாலோ, இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுதான். காலையில் வெளுக்கும் நேரம் ஒரு தரம், பொழுது சாயும் நேரம் ஒரு தரம் என்று விசிலடிக்கும். அதுதான் ஆறுமணிக்குருவி. மிச்ச நேரம் முழுக்கப் பலா மரத்தடியில் சருகைக் கிளறிப் புழுப் பூச்சி பொறுக்கும். பறப்பதைவிட நடப்பதே அதிகம்.

இந்தக் குருவி எங்கே பிறந்தது? கேகாலையிலா? இல்லை. இலங்கையிலேயே இல்லை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் அங்குள்ள மழைக்காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இனம் இது. குளிர் தொடங்குமுன் தெற்கே புறப்படுகிறது. இரவில் பறக்கிறது. கடல் தாண்டி வந்து சேரும்போது களைத்துப்போய் இருக்கிறது. விளக்கில் மயங்கிச் சுவரில் மோதுவது அதனால்தான். சித்திரை பிறக்கும்போது வந்த திசைக்கே திரும்பிவிடும். மனிதர் கைக்குள் அடங்கும் ஒரு குருவி, சருகு கிளறியே பொழுதைக் கழிக்கும் ஒரு குருவி, ஆண்டுக்கு இரண்டு தரம் இந்தியாவின் நீளத்தைக் கடக்கிறது. அது நம் வாசலில் விழுந்தால் பிள்ளைகள் எடுத்துத் தண்ணீர் கொடுக்கிறார்கள். ஆனால் எங்கிருந்து வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

ஏன் கேட்பதில்லை? பறவை பார்ப்பது துரைமார் வேலை என்று ஓர் எண்ணம் இருக்கிறது. அந்த எண்ணம் சும்மா வந்ததல்ல. இலங்கைப் பறவைகளைப் பற்றி இன்றும் பலர் எடுத்துப் புரட்டும் கையேடு ஜி. எம். ஹென்றி எழுதியது. 1955இல் வெளிவந்தது. படங்களையும் அவரே வரைந்தார். அவர் பிறந்தது 1891இல், கந்தப்பளையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். தோட்டத்துப் பிள்ளைதான், ஆனால் பங்களாப் பக்கத்துப் பிள்ளை. அதே வருடம் அதே மலையில் லயத்துக் காம்பராவில் ஒரு பிள்ளை பிறந்திருந்தால் அதுவும் அதே குருவிகளைத்தான் கேட்டு வளர்ந்திருக்கும். அதன் கையில் பென்சில் கிடைத்திருக்காது, கொழுந்துக்கூடை கிடைத்திருக்கும். ஹென்றியின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அருமையான புத்தகம். ஆனால் பார்க்கும் கண்ணும் கேட்கும் காதும் பங்களாவுக்கு மட்டும் உரியவையா?

காது என்றதும் நம் மாவட்டத்துக் கதை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1995இல் தீபால் வரகாகொட என்ற பறவை ஆய்வாளர் கித்துல்கலக் காட்டில் இரவில் ஒரு குரலைக் கேட்டார். ஒற்றைக் குரல், மெல்லிய குரல். இலங்கைப் பறவைகளின் ஒலிகளைப் பதிவு செய்து வந்தவர் அவர். தெரிந்த எந்தப் பறவையோடும் அந்தக் குரல் பொருந்தவில்லை. விட்டுவிட்டாரா? இல்லை. ஆண்டுக்கணக்கில் தேடினார். 2001 ஜனவரியில் சிங்கராஜக் காட்டில் குரலுக்கு உரியது கண்ணில் பட்டது. செம்பழுப்பு நிறத்தில், ஒரு சாணுக்கும் குறைவான ஆந்தை. 2004இல் பமேலா ராஸ்முசனோடு சேர்ந்து அதைப் புதிய இனமென உலகுக்கு அறிவித்தார். 1868க்குப் பிறகு இலங்கையில் ஒரு புதிய பறவை இனம் கண்டுபிடிக்கப்பட்டது அப்போதுதான். 1970களில் சிங்கராஜ மரங்களைப் பலகைக்கு வெட்டுவதை எதிர்த்து நின்ற தீலோ ஹொஃப்மனின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது.

நூறு வருடத்துக்கும் மேலாக யாருக்கும் தெரியாமல் அந்த ஆந்தை எங்கே இருந்தது? கேகாலை மாவட்டத்தில், களனி ஆற்றோரக் காட்டில், இரவெல்லாம் கூவிக்கொண்டு இருந்தது. அந்தக் காடுகளை ஒட்டிய லயங்களில் தலைமுறைகளாக மக்கள் படுத்து உறங்கியிருக்கிறார்கள். குரல் அவர்கள் காதிலும் விழாமலா இருந்திருக்கும்? கேட்டதை எழுதி வைக்கும் பழக்கம் இல்லை. அவ்வளவுதான் குறை.

இனிக் காலுக்கு வருவோம்.

கோப்பிக் காலத்தில், அதாவது 1820கள் தொடங்கி, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து மலைநாட்டுக்கு ஆள் வந்த பெரிய வழி எது? பாம்பன், தொண்டி போன்ற கரைகளில் தோணி ஏறினார்கள். தலைமன்னார்ப் பக்கத்திலும் அரிப்பிலும் இறங்கினார்கள். பிறகு நடந்தார்கள். மன்னார்க் காடு, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை. ஆங்கிலேயர் ஏட்டில் அதற்கு வடக்குப் பாதை என்று பெயர். பாதை என்று சொன்னாலும் பல இடங்களில் அது காட்டுத் தடம்தான். தண்ணீரில்லை, மருந்தில்லை. கொலராவும் மலேரியாவும் பசியும் காட்டு விலங்குகளும் இருந்தன. செத்தவர்களின் தொகையில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை, ஆனால் குறைவான தொகையை எடுத்துக்கொண்டாலும் ஆயிரக்கணக்கில்தான் வருகிறது. விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள்.

சபரகமுவவுக்கு வந்த எல்லோரும் அந்த வழியில் வந்தவர்கள் என்று சொன்னால் அது வரலாறாகாது. இறப்பர்த் தோட்டங்கள் எழும்பிய காலத்தில் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பில் இறங்கியவர்கள் ஏராளம். 1914இல் தலைமன்னார் வரை ரயில் வந்து, தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் ஓடத் தொடங்கியபின் நடைப் பயணம் வேண்டியிருக்கவில்லை. ஆனால் மலையகம் என்ற சமூகத்தின் முதல் அடிகள் பதிந்த மண் அந்த வடக்குக் காட்டு மண்தான்.

அந்த மண்ணில் மறுபடி நடந்தவர்கள் உண்டு. 2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வரலாற்றின் 200ஆவது ஆண்டை நினைத்து, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் ஒரு நடை தொடங்கியது. பேசாலை, மன்னார், முருங்கன், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று 250 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடித்தார்கள். காணி கேட்டு, சம்பளம் கேட்டு, சம உரிமை கேட்டு நடந்த நடை. வழி நெடுகத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தண்ணீர் கொடுத்தார்கள். அந்த நடை முடிந்த கதையல்ல, கோரிக்கைகள் அப்படியே இருக்கின்றன. இன்றைக்கு வைக்கும் யோசனை அதைவிடச் சின்னது. அதே வழியில், அதே திசையில், ஒரு தை மாதத்தில், எந்தக் கோரிக்கையும் இல்லாமல் நடந்து பாருங்கள். கழுத்தில் ஒரு பைனாகுலர் மட்டும் இருந்தால் போதும்.

கோரிக்கை இல்லாமல் நடப்பதா? ஆமாம். வேலைக்கு நடந்தோம். பெரட்டுக்கு நடந்தோம். மலைக்கு நடந்தோம், தலையில் கொழுந்தோடு நிறுவைக்கு நடந்தோம். கலவரக் காலங்களில் உயிருக்கு நடந்தோம். 1977இலும் 1983இலும் அடிபட்ட குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறியதை இந்த அவைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, உறவினர்களே அங்கே இருக்கிறார்கள். ஆசைக்காக எப்போது நடந்தோம்? சிவனொளிபாத மலைக்கு ஏறுவதைத் தவிர?

சரி, தை மாதம் என்று ஏன் சொல்ல வேண்டும்? ஜூலையில் நடந்தவர்களுக்குக் கிடைத்தது கச்சான் காற்றும் கொதிக்கும் தாரும். வடக்கிலிருந்து வரும் பறவைகளில் பெரும்பாலானவை அப்போது இலங்கையில் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளங்களும் களப்புகளும் நிரம்பி, தையில் தண்ணீர் மெல்ல இறங்கத் தொடங்கும்போது சேறு வெளியே தெரியும். அந்தச் சேற்றுக்குள்தான் புழுவும் நத்தையும் இறாலும். அந்தச் சேற்றுக்காகத்தான் ஆர்க்டிக் கரையிலிருந்து பறவைகள் வருகின்றன.

தொடங்க வேண்டிய இடம் தலைமன்னார் இறங்குதுறை. அங்கே நிற்கும்போது பறவை மட்டும் கண்ணில் படாது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபின், அந்தத் துறையில்தான் எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் பெட்டியும் பாயுமாகக் கப்பலேறின. வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டார்கள். இந்த அவையில் அத்தையையோ சித்தப்பாவையோ அங்கே வழியனுப்பியவர்கள் இருந்தால் ஆச்சரியமில்லை. துறையின் மணலில் இன்று கடற்காகங்களும் ஆலாக்களும் கூட்டமாக, எல்லாமே காற்று வரும் திசைக்கு முகம் வைத்து நிற்கும். அப்பால் இராமர் அணையின் மணல் திட்டுகள். அவற்றில் ஆலாக்கள் முட்டையிடுகின்றன. 2015இல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பேசாலையில் மீன் இறங்கும் கரைக்குப் போனால் கடற்காகங்கள் காலடியில் வந்து நிற்கும். அவற்றைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்தின, கயோமினி பனாகொட ஆகியோர் மன்னாரில் இந்தக் கடற்காகங்களைப் பிடித்து, முதுகில் சிறு செய்மதிக் கருவி பொருத்தி விட்டார்கள். ஒன்றுக்கு மேகா என்று பெயர். மேகா எங்கே போனது? இந்தியாவைக் கடந்து, மத்திய ஆசியாவைக் கடந்து, ரஷ்யாவின் வடகோடியில், ஆர்க்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் யமால் குடாநாட்டுக்குப் போனது. கோடையை அங்கே கழித்துவிட்டுத் திரும்பவும் மன்னாருக்கே வந்தது. பேசாலையில் மீன் குடல் பொறுக்கித் தின்னும் அந்தப் பறவைக்குப் பனிமான் மேயும் வெளியில் ஒரு வீடு. கடவுச்சீட்டு கேட்பார் இல்லை. எந்த நாட்டுக் குடி என்று பதினைந்து வருடம் காத்திருக்க வைப்பாரும் இல்லை.

சற்றுக் கசப்பான ஒப்பீடுதான். விட்டுவிடுவோம், வழி நீளம்.

மன்னார்த் தீவுக்குள் நடக்கும்போது நம் கண்ணுக்குப் பழக்கமில்லாத பறவைகள் வரும். கௌதாரி, கள்ளிப்புறா, நீண்ட வால் கொண்ட கீச்சான். இலங்கையில் இவை மன்னாரை ஒட்டிய வறண்ட வடமேற்குக் கரையிலும் வடக்கிலும்தான் உண்டு. தமிழ்நாட்டு வறண்ட சமவெளியில் வாழும் பறவைகள் கடல் குறுகிய இடத்தில் இந்தப் பக்கமும் தங்கிவிட்டன. இராமநாதபுரத்துப் பாட்டனுக்குத் தெரிந்த கௌதாரியைக் கேகாலைப் பேரன் முதன்முதலாக மன்னாரில்தான் பார்ப்பான். பள்ளிமுனையில் ஒரு பெருக்கமரம் நிற்கிறது. ஆபிரிக்காவுக்கு உரிய மரம், அரபு வணிகர் கொண்டு வந்தது என்று சொல்வார்கள். அதன் அடியைச் சுற்றி வருவதற்கே சற்று நேரம் பிடிக்கும்.

தீவிலிருந்து பெருநிலத்துக்குப் பாலத்தைத் தாண்டினால் வங்காலை. நடையின் உச்சம் இதுதான். மற்ற இடங்களில் ஒரு மணி நேரம் என்றால் இங்கே ஒரு முழு நாள் வேண்டும். 2008இல் சரணாலயமானது. 2010இல் உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 4,839 ஹெக்டேயர். பெரிய பாதை அதன் ஊடாகவே போகிறது, ஆகவே உள்ளே இறங்கித் தேட வேண்டியதே இல்லை. பாதையோரத்தில் நின்று வடக்கும் தெற்கும் பார்த்தால் போதும். தூரத்தில் வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். பைனாகுலரை வைத்தால் அந்தக் கோட்டுக்குக் கால் முளைக்கும், இளஞ்சிவப்புக் கால். பூநாரைகள். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து வடிகட்டித் தின்னும். இந்தப் பக்கம் ஊசிவால் வாத்துக்கள், ஆயிரக்கணக்கில், சைபீரியாவிலிருந்து வந்தவை. கரையோரச் சேற்றில் கோட்டான்கள் வளைந்த அலகை முழுதாகச் செருகி எடுக்கும். கருவால் மூக்கன்கள் வயிறளவு தண்ணீரில் நிற்கும். கிழக்கே ஒரு பருந்து எழும்பினால் போதும், அத்தனை வாத்தும் ஒரே நேரத்தில் கிளம்பி வானத்தில் ஒரு சுற்றுப் போய் மறுபடி இறங்கும். அந்த இரைச்சலைக் கேட்டவர்கள் பிறகு வேறு பேச்சுப் பேச மாட்டார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வடதுருவத்தை ஒட்டிய நிலங்களிலிருந்து இந்து சமுத்திரம் வரை நீளும் பறவைப் பாதைக்கு மத்திய ஆசியப் பாதை என்று பெயர். சுமார் 30 நாடுகளைத் தொடுகிறது. அதன் தென்கோடிப் பெருநிலம் இலங்கை. இதற்கு நேர் தெற்கே அந்தாட்டிக்கா வரை நிலமில்லை. இங்கே இடம் கிடைக்காத பறவை மேலும் தெற்கே போய்ப் பார்க்கலாம் என்று நினைக்க வழியில்லை.

வங்காலையைத் தாண்டி முருங்கன் பக்கம் கட்டுக்கரைக் குளம். இங்கே உப்பு முடிந்து நன்னீர் தொடங்குகிறது. பறவைகளும் மாறுகின்றன. தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழி, நீலத்தாழைக்கோழி, கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும் பாம்புத்தாரா, கூழைக்கடா. குளக்கட்டில் மர நிழலில் உட்கார்ந்தே பார்க்கலாம். அப்பால் மடு வீதிக் காடு. கொண்டலாத்தியும் பனங்காடையும் பாதையோரக் கம்பியிலேயே இருக்கும்.

நடப்பதற்குச் சில விதிகள் உண்டு, கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வில்பத்துவானாலும் மடு வீதிப் பூங்காவானாலும் உள்ளே கால்நடையாகப் போகச் சட்டம் இடம் தராது, வாகனத்தில்தான் போகலாம். மடுப் பக்கம் யானை நடமாடும், மாலை நாலு மணிக்குப் பிறகு பாதையில் இருக்கக் கூடாது. போர் நடந்த நிலம் அது. கண்ணிவெடி அகற்றும் வேலை வடக்கில் முழுதாக முடியவில்லை. சிவப்புப் பலகை கண்டால் ஓர் அடிகூட உள்ளே வைக்கக் கூடாது, எந்தப் பறவைக்காகவும் கூடாது. நம் மலையில் அட்டைக்குச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போகிற பழக்கம் அங்கே பயன்படாது. அங்கே எதிரி வெயில். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், தலைக்குத் துணி.

பறவை பார்க்கப் போகிறவர்கள் பறவையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட முடியாது. மன்னார்த் தென்கரையில் 2020 இறுதியில் தம்பபவனி காற்றாலை 30 கோபுரங்களோடு இயங்கத் தொடங்கியது, 100 மெகாவாட். அதற்குமேல் அதானி நிறுவனம் திட்டமிட்ட பெரிய காற்றாலைக்கு எதிராகச் சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போயின, 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகியது. மின்சாரம் வேண்டும், நிலக்கரி எரிக்காத மின்சாரம் இன்னும் வேண்டும், இதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் தீவின் முழு நீளத்துக்கும் கோபுரம் நட்டால், இரவில் பறந்து வரும் பறவைக்கு அந்த இடைவெளி என்ன ஆகும்? கோபுரங்களை எங்கே நடுவது என்பதுதான் கேள்வி. மன்னார்க் கடற்றொழிலாளர்களும் அதே கேள்வியை வேறு காரணங்களுக்காகக் கேட்டு வீதிக்கு வந்தார்கள். அப்பால் விடத்தல்தீவில் 2016இல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்ட நிலத்தின் ஒரு துண்டை 2024இல் இறால் வளர்ப்புக்காக விடுவிக்க முயன்றார்கள். அதுவும் நீதிமன்றம் போனது. பேசாலையில் தேநீர் குடிக்கும்போது அங்குள்ளவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். புத்தகத்தில் இல்லாததைச் சொல்வார்கள்.

பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசியா முழுவதும் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். இலங்கையில் 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட கள பறவையியல் குழு அதில் நெடுங்காலமாக ஈடுபட்டிருக்கிறது. எண்ணுவதற்குப் பட்டம் வேண்டாம். கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை ஒரு கிலோ குறைத்து எழுதினால் கண்டுபிடிக்கிற சமூகத்துக்கு எண்ணத் தெரியாதா? ஒரு வகுப்புக்கு இரண்டு பைனாகுலர் போதும். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதே நல்லது, அதற்குமேல் போனால் கை நடுக்கமும் பெரிதாகும். ஒரு கொப்பியில் திகதி, இடம், பறவை, எண்ணிக்கை. பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அலகையும் எழுதி வைக்கலாம்.

போகும் வழி சுலபம். கேகாலையிலிருந்து பொல்காவலைக்குப் பஸ். கொழும்பிலிருந்து தலைமன்னார் போகும் ரயில் அந்த வழியாகத்தான் போகிறது. போரில் 1990இல் அழிந்த பாதையைத் திரும்பப் போட்டு 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை ரயில் விட்டார்கள். முழுத் தூரத்தையும் நடக்கத்தான் வேண்டும் என்றில்லை. துறையில் இறங்கி, பேசாலை வரை ஒரு நாள், மன்னார் வரை ஒரு நாள், வங்காலைக்கு ஒரு நாள், முருங்கனுக்கு ஒரு நாள் என்று நடந்து, அங்கே பஸ் ஏறிவிடலாம். புறப்படுமுன் ரயில் ஓடுகிறதா என்று பொல்காவலையில் ஒரு தரம் விசாரித்துக்கொள்ளுங்கள், பாதை திருத்துகிறோம் என்று அடிக்கடி நிறுத்திவிடுகிறார்கள்.